வெற்றிலையில் நான் கண்டது

போன மாதம் நமது பழைய தபாற்காரரின் செத்தவீட்டில், பந்தலுக்குள் கதிரை போட்டு, சின்ன வயதில் ஒன்றாகத் திரிந்த நாம் ஏழெட்டுப் பேர் இருந்தோமே, அப்போது உங்களில் ஒருத்தி என் கையைப் பிடித்து, பக்கத்தில் நின்ற இளம் பிள்ளைகளுக்குக் காட்டினாள்.

“இவவ ஆரெண்டு நினைச்சீங்க? சின்ன வயசில மை பாத்துக் களவு புடிச்சவ. இவக்குத் தெய்வக் கண்.”

அந்தப் பிள்ளைகள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். நான் மறுக்கவில்லை. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, இந்த வயதிலும் கொஞ்சம் நிமிர்ந்து இருந்தேன். சொன்னவள் அன்போடுதான் சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சேலையை அவிழ்த்து மூலையில் எறிந்தேன்.

அதற்கு அடுத்த கிழமை மட்டக்களப்புக்குக் கண் காட்டப் போனேன். வலது கண்ணில் படர்ந்த வெள்ளையை எடுத்து ஒரு மாதமாகியிருந்தது. புதுக் கண்ணாடிக்கு அளவு பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். மருமகள் கூட வந்தாள். வாங்கில் காத்திருக்கும்போது எதிர்ச்சுவரில் ஒரு பெரிய பலகை. நான் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அவள் வாசித்துவிட்டாள்: “எமது தூரநோக்கு.” கீழே ஆங்கிலத்தில் விஷன் என்று போட்டிருந்ததாம். என் கையிலிருந்த கிளினிக் கடதாசித் துண்டைத் திருப்பிப் பார்த்தால் அதிலும் அதே சொல் கிடக்கிறதாம்.

“இதென்ன புள்ள, சுவரில தொங்கிறதும் என்ர கண்ணும் ஒண்டா?” என்று கேட்டேன்.

அவள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறவள். இப்படி ஒன்றைக் கேட்டால் விடமாட்டாள். “மாமி, கண் தெரியிறதுக்கும் விஷன் எண்டுதான் சொல்லுற. ஆருக்கும் சாமி காட்சி குடுத்தா அதுவும் விஷன். இன்னும் பத்து வருசத்தில இந்த இடம் எப்பிடி இருக்கோணும் எண்டு முன்னுக்கே கண்டு வைக்கிறாங்களே, அதுவும் விஷன்தான்.”

“அப்ப, கண் இல்லாட்டியும் மத்த ரெண்டும் வருமா?”

“அது ஆளைப் பொறுத்தது மாமி” என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதலாவது இல்லாத ஒரு பிள்ளைக்கு இரண்டாவது இருக்கிறது என்று ஒரு ஊரே நம்பியது எனக்குத் தெரியும். மூன்றாவது எங்கள் பெரியவர்களில் ஒருவருக்காவது இருந்திருந்தால் அந்த வைகாசி மாதம் அப்படி முடிந்திராது. அதனால்தான் இதை எழுதுகிறேன். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு காலைப்பொழுது போகிறது. எழுத்துப் பிழைகளை மருமகள் திருத்தித் தருவாள். மற்றதை நான்தான் திருத்த வேண்டும்.

ஏறாவூருக்குப் போகும் வழியில், தன்னாமுனைக்கு அங்கால் கிடக்கும் நமது ஊரை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் நீங்கள் கண்ட ஊரும் நான் கண்ட ஊரும் ஒன்றல்ல. என் ஊரில் வாவியின் அக்கரை ஒரு பச்சைக் கோடு. தண்ணீருக்குள் நட்டிருந்த கம்புகள் எல்லாம் எனக்குக் கம்புகள்தான். அவற்றில் பாதிக்கு மேல் நீர்க்காகம் குந்தியிருக்கும் என்று தெரியாது. நட்சத்திரம் என்று பெரியவர்கள் சொல்வதை, பிள்ளைகளுக்குப் பேய்க்கதை சொல்வது போல ஒரு பேச்சு என்றே நினைத்திருந்தேன். எல்லாருக்கும் கண் இப்படித்தான் என்று நினைத்தேன். இன்னொருவரின் கண்ணை இரவல் வாங்கிப் பார்க்க முடியுமா?

கிட்டத்தில் என்றால் என்னை வெல்ல ஆளில்லை. ஈர் எடுக்க, உள்ளங்காலில் ஏறிய முள்ளைக் கிண்ட, ஊசியில் நூல் கோக்க, எங்கள் ஒழுங்கையில் உள்ள வீடெல்லாம் என்னைத்தான் கூப்பிடும். கழுகுக் கண் என்பார்கள். எனக்கு அதில் பெரிய பெருமை.

பள்ளிக்கூடத்தில் உயரமானவள் என்று கடைசி வாங்கில் இருத்தினார்கள். கரும்பலகையில் வாத்தியார் எழுதுவது எனக்கு வெள்ளைப் புகை. மற்றப் பிள்ளைகள் அந்தப் புகையை வாசிக்கிற கெட்டிக்காரர்கள், நான் மக்கு என்று நானும் நம்பினேன். உங்களில் ஒருத்தி தன் சிலேட்டைச் சரித்துக் காட்டுவாள். அதைப் பார்த்து எழுதுவேன். அவள் உடம்பெல்லாம் அம்மாள் போட்டுப் படுத்திருந்த நாட்களில் வாத்தியார் என்னை எழுப்பி வாசிக்கச் சொன்னார். நான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றேன்.

“மூஞ்சச் சுழிக்கிற வடிவப் பாருங்க, மகாராணிக்கு” என்றார். வகுப்பு சிரித்தது. நீங்களும்தான் சிரித்தீர்கள், அது போகட்டும். பின்னேரம் அப்பாவைக் கண்டு, “இவட மண்டைக்குள்ள ஒண்டும் ஏறாது. குசினி வேலையப் பழக்குங்க” என்றிருக்கிறார். அப்பா ஏன் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது.

என் கண்ணைக் கண்டுபிடித்தவர் ஏறாவூரிலிருந்து பன்பாய் கொண்டுவரும் மனிசி, முஸ்லிம் அக்காமாரைக் கூப்பிடுவது போல ஊரே ராத்தா என்று கூப்பிட்டவர். உங்களுக்கு அவரை நினைவிருக்கும். நீலக் கரைச் சேலையில் முக்காடு போட்டு, ஆறேழு பாய்ச் சுருளைத் தலையில் வைத்து, கையை வீசிக்கொண்டு வருவார். பாயை ஒரு உதறு உதறி விரித்தால் சளாரென்று ஒரு சத்தம். பச்சைப் பன்னின் மணம் வீடு முழுக்கப் பரவும். பன்புல்லை வகிர்ந்து வகிர்ந்து அவருடைய விரல்களில் மெல்லிய கீறல்கள் இருந்தன. எங்கள் வீட்டில் தண்ணீர் குடித்து, அம்மாவோடு ஒரு வாய் வெற்றிலை போட்டுவிட்டுத்தான் அடுத்த வளவுக்குப் போவார்.

ஒரு நாள் அவர் வேலியோரக் கடப்படியால் உள்ளே வர, நான் வாசலிலிருந்து, “அம்மா, பெரியம்மா வாறா!” என்று கத்தினேன். பெரியம்மாவிடமும் ஒரு நீலச் சேலை இருந்தது. ராத்தா அப்படியே முருங்கையடியில் நின்றுவிட்டார். தலைச்சுமையை இறக்காமலே கையைத் தூக்கினார்.

“மனே, இது எத்தின விரலு?”

“நாலு.”

“இப்ப?”

“மூணு.”

கிட்ட வந்தபோதுதான் கண்டேன். அவர் விரல்களை மடக்கி முட்டியாகப் பிடித்திருந்தார்.

அவர் குசினிக்குள் போய் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். “தங்கச்சி, புள்ளைக்குத் தூரம் தெரியுதில்ல. எங்கட மாமிட மகனுக்கும் இப்பிடித்தான் இருந்திச்சி. ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனா கண்ணாடி குடுப்பாங்க. வச்சிருக்காத, கொண்டு போ.”

“சத்தம் போடாதீங்க ராத்தா” என்றார் அம்மா. “பொம்புளப் புள்ள. கண்ணாடிக்காரி எண்டு பேர் விழுந்தா நாளைக்கு இவள ஆரு வந்து கேப்பான்? நீங்க ஆருக்கும் சொல்லப்போடா.”

“நான் ஏன் தங்கச்சி சொல்லுறன்? உன்ர புள்ள வேற, என்ர புள்ள வேறயா? அல்லாஹ்வுக்குப் பொதுவில, சத்தியமாச் சொல்லமாட்டன். ஆனா நீ கொண்டு போ.”

அம்மா கொண்டுபோகவில்லை. பேச்சை மாற்றி, எனக்கென்று சிவப்புக் கரை வைத்த ஒரு சின்னப் பாய் பின்னித் தரச் சொன்னார். எனக்கோ ராத்தா மேல் கோபம் பற்றிக்கொண்டது. மக்கு என்ற பேரோடு நான் எப்படியோ இருந்துவிட்டேன். கழுகுக் கண் ஒன்றுதான் எனக்கிருந்த சொத்து. அதையும் இந்த மனிசி எடுத்துக்கொண்டு போகிறாளே என்று பட்டது.

வைகாசி வந்தது. கண்ணகி அம்மன் கோயில் சடங்குக்குக் கதவு திறக்க இரண்டு மூன்று நாள்தான் இருந்தது. பெரியம்மா வந்து தன்னுடைய சிவப்புக்கல் தோட்டைக் கேட்டார். அம்மா ஒரு கல்யாண வீட்டுக்கென்று இரவல் வாங்கியது. அம்மா பெட்டியைக் கொட்டினார், பானைகளைக் கவிழ்த்தார். தோடு இல்லை.

“நம்மட அம்மாட காதில கிடந்த தோடு கா!” என்று பெரியம்மா தலையில் கைவைத்தார். “நான் வெறுங்காதோட அம்மாளாச்சிக்கு முன்னால போய் நிக்கிறதா? வீட்டுக்குள்ள ஆரு வந்து போன? யோசிச்சிச் சொல்லு!”

அம்மா திரும்பவும் பெட்டியைக் கொட்டினார். அடுத்த நாட் காலையில் பெரியம்மா, வாவிக்கு அக்கரைப் படுவான்கரையிலிருந்து, நாட்டு வைத்தியமும் செய்து மையும் பார்க்கிற பரிசாரியாரைத் தோணியில் கூப்பிட்டு வந்துவிட்டார். மை பார்க்கப் பெரியபிள்ளையாகாத ஒரு பிள்ளை வேண்டும். பெரியம்மா என்னைக் காட்டினார். “இவட கண் கழுகுக் கண்.” அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

என்னைக் குளிக்க வார்த்து, ஈரத் தலையோடு விளக்குக்கு முன்னால் இருத்தினார்கள். பரிசாரியார் ஒரு வெற்றிலையில் பளபளவென்று கறுப்பு மையைத் தடவி என் கையில் வைத்தார். என் நாடியைப் பிடித்து நிமிர்த்தி முகத்தைப் பார்த்தார். தூரத்தில் தெரிந்த ஆட்கள் யாரென்று பிடிபடுவதற்காக நான் வழமை போலக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தேன்.

“இது சும்மா கண்ணில்ல” என்றார். “உள்ளுக்குப் பாக்கிற கண்.”

வீடு நிறைய ஆட்கள். எந்தச் சுழிப்பைப் பார்த்து வாத்தியார் சிரித்தாரோ, அதே சுழிப்பைப் பார்த்து இந்தப் பெரிய மனிதர் கும்பிடாத குறை. நான் கண்ணை இன்னும் இறுக்கிச் சுருக்கினேன்.

“என்ன தெரியுது மனே?”

கறுப்புத் தெரிந்தது. அதற்குள் விளக்குச் சுடர் ஒன்று, என் மூக்கு. வேறொன்றும் இல்லை.

“கூட்டுறவன் வந்திட்டானா? இடத்தக் கூட்டுறானா? வடிவாப் பாரு.”

தெய்வம் வந்து இருப்பதற்கு முதலில் ஒரு ஆள் வந்து இடம் கூட்டுவானாம். நான் வெற்றிலையை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனேன். அவர் திரும்பவும் கேட்டார். “ஓம்” என்றேன். ஆம் என்ற அந்த முதல் ஓம் வாயிலிருந்து லேசாக வந்தது.

“தண்ணி தெளிச்சிட்டானா?”

“ஓம்.”

“பாய் விரிச்சிட்டானா?”

அவர் எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்கிற கேள்விதான். ஆனால் பாய் என்றதும் எனக்குப் பச்சைப் பன் மணந்தது. புள்ளைக்குத் தூரம் தெரியுதில்ல என்ற அந்தக் குரல் காதில் கேட்டது.

“விரிக்கல்ல” என்றேன். “ஒரு பொம்புள பாயச் சுருட்டித் தலையில வச்சிக்கொண்டு போறா.”

“முக்காடு போட்டிருக்காளா?” என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

“ஓம்.”

பிள்ளை வாய் தவறிவிட்டது என்று நீங்கள் இதை மன்னிக்க வேண்டாம். எனக்குப் பத்து வயது. நான் சொல்வது பொய் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

கோயிற் கதவு திறந்த அன்று காலை ராத்தா வந்தார். சடங்குக் காலத்தில் வீடுகளுக்கு விருந்தாளி வருவார்கள், பாய் நன்றாகப் போகும். ஒழுங்கைக்குள்ளேயே மறித்துவிட்டார்கள். நீங்கள் வேலிக்கம்புகளைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். சுருள்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து மணலில் எறிந்தார்கள். பெரியம்மா அவருடைய மடியை உதறிப் பார்த்தார். வெற்றிலையும் பாக்கும்தான் விழுந்தன. முக்காட்டையும் இழுத்து உதறினார்கள். நான் கடப்படியில் நின்றேன். அங்கிருந்து பார்க்க ராத்தா எனக்கு ஒரு நீலக் கறை. முகம் தெரியவில்லை. அது எனக்கு நல்லதாகப் போயிற்று.

“ஆரு கண்ட நான் எடுத்தெண்டு?” என்று அவர் கேட்டது காதில் விழுந்தது.

“புள்ள மையில கண்டா!”

அந்த நீலம் என்னை நோக்கி வந்தது. யாரும் தடுக்கவில்லை. வந்து எனக்கு முன்னால் குந்தியது. ஒரு முழத் தூரத்தில் இப்போது எல்லாம் தெரிந்தது. மேலுதட்டில் வியர்வை. குலைந்த தலைமயிரில் ஒட்டியிருந்த ஒரு பன் தும்பு. இமையில் நின்ற தண்ணீர். அந்த ஒரு முழத்தில் என் கண்ணுக்கு ஒரு குறையுமில்லை.

“மனே, என்னயக் கண்டியா நீ?”

“ஓம்” என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் தலைக்கு மேலால், பின்னால் நின்ற அம்மாவைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாய் திறந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ராத்தா வாயை மூடிக்கொண்டார்.

எழும்பிப் போய், மணலைத் தட்டித் தட்டி ஒவ்வொரு பாயாகச் சுருட்டினார். சிவப்புக் கரை வைத்த சின்னப் பாயை மட்டும் கடப்படியில் சாத்தி வைத்தார். “இது புள்ளட பாய். புள்ளைக்கே கிடக்கட்டும்” என்றார். பிறகு அவர் நம் ஊருக்கு வரவில்லை.

அவர் அன்று எதைச் சொல்ல வாய் திறந்தார் என்று உங்களுக்கு இப்போது விளங்கும். இந்தப் பிள்ளைக்கு நாலு பாகத் தூரம் தள்ளி நின்றால் தாயையே தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தெய்வக் கண் அந்த ஒழுங்கையிலேயே உடைந்திருக்கும். மடியை உதறியவர்கள் வெட்கப்பட்டிருப்பார்கள். அவர் சொல்லவில்லை. குசினிக்குள் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கை, தன் முக்காட்டை இழுத்த ஆட்களுக்கு நடுவில் நின்றும் காப்பாற்றினார்.

சடங்கு முடிந்து, அம்மா தலையணைகளைப் பிரித்துப் பஞ்சை வெயிலில் போட்டார். கொட்டை பொறுக்க என்னை இருத்தினார். பஞ்சுக்குள் ஒரு துணி முடிச்சு. அதற்குள் சிவப்புக்கல் தோடு. கல்யாண வீட்டால் வந்த களைப்பில் பத்திரமாக இருக்கட்டும் என்று அம்மாவே தலையணைக்குள் செருகியது. ஓடிப்போய்க் கொடுத்தேன். அம்மாவின் முகம் சாம்பலாகப் போயிற்று.

“கத்தாத” என்றார். தோட்டை வாங்கி மடியில் செருகிக்கொண்டார்.

அடுத்த நாள் விடியக் கடப்படியிலிருந்து அம்மாவின் கூக்குரல் கேட்டது. “வச்சிட்டுப் போயிட்டாள்! புள்ளட கண்ணுக்குப் பயந்து கொண்டுவந்து வச்சிட்டுப் போயிட்டாள்!” கடப்படியில் நட்டிருந்த மரக்கப்புக்கு மேல் ஒரு சிரட்டை, சிரட்டைக்குள் தோடு. ஊர் ஓடி வந்தது. பெரியம்மா என்னைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினார். “கண்டியா கா, என்ர புள்ளட கண்ண!”

அம்மாவைக் குற்றம் சொல்லித் தப்பலாம். ஆனால் அன்று நான் பெரியம்மாவின் கைக்குள் நின்றுகொண்டு சிரித்தேன்.

அதன்பின் இரண்டு வருடம், காணாமற்போன மாட்டுக்கும் மோதிரத்துக்கும் என்னிடம் வந்தார்கள். பனங்கட்டியும் பழமும் கொண்டுவந்தார்கள். கேட்கிற ஆள் எதை நினைத்துக்கொண்டு கேட்கிறார் என்று குரலிலேயே தெரியும். அதையே மையில் கண்டேன். நல்ல காலம், வேறொரு ஆளைச் சொல்ல வேண்டி வரவில்லை. நான் பெரியபிள்ளையானதோடு அது நின்றது. அப்போது என்னைக் குச்சுக்குள் இருத்தியது அந்தச் சிவப்புக் கரைப் பாயில்தான். அது நூல் நூலாகப் போகும்வரை அதில்தான் படுத்தேன். கன்னத்தில் அதன் பின்னல் பதிந்திருக்கும். அழுத்தித் தேய்த்துவிட்டு எழும்புவேன்.

கல்யாணமாகி மூத்தவன் பிறந்தபின், சந்தையில் என் புருசனை அடையாளம் தெரியாமல் கடந்து போனதால்தான் என் கண் பிடிபட்டது. அவர் கோபிக்கவில்லை, டவுனுக்குக் கொண்டுபோய்க் கண்ணாடி வாங்கித் தந்தார். திரும்பி வரும்போது பஸ் பாலத்தில் ஏறியது. அக்கரையைப் பார்த்தேன். அந்தப் பச்சைக் கோட்டில் தென்னைகள் தனித்தனியாக நின்றன. ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு மனிதன் தோணியைக் கட்டிக்கொண்டிருந்தான். அங்கே ஆட்கள் இருந்தார்கள். எனக்கு வந்த அழுகையைப் புருசன் சந்தோசம் என்று நினைத்தார்.

அம்மா கண்ணாடியைக் கண்டுவிட்டு, “நல்ல கண்ணுக்கு இதென்னத்துக்கு?” என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அவர் கண்மூடும்வரை நாங்கள் இருவரும் அதைப் பேசியதில்லை.

ஏறாவூர் எவ்வளவு தூரம்? பஸ்ஸில் ஏறினால் வெற்றிலை மென்று முடிவதற்குள் போய்விடலாம். இன்றைக்குப் போவோம், பிள்ளை பால் மறந்தபின் போவோம் என்று இருந்தேன். பிறகு தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் ஊருக்கு ஒருவர் போகப் பயந்த காலம் வந்தது. ஊர் முழுக்க அழுதது. எனக்கு மட்டும் அதற்குள் ஒரு சின்ன ஆறுதல் இருந்தது: இனிப் போகாததற்கு ஒரு காரணம் உண்டு. இதை எழுதத்தான் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட வெட்கமாக இருக்கிறது. பாதை திறந்தும் நான் போகவில்லை. இப்போது அவர் உயிரோடு இருக்கமாட்டார்.

கண் காட்டப் போன கதையை முடிக்கவில்லையே. உள்ளே ஒரு இளம் தாதி, சுவரில் தொங்கிய அட்டையைக் காட்டிக் கேட்டாள். படிப்பில்லாதவர்களுக்கென்று எழுத்துக்குப் பதிலாக மூன்று கால் வைத்த ஒரு அடையாளம். கால் எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது என்று கையால் காட்ட வேண்டும். பெரியவற்றைச் சரியாகக் காட்டினேன். கீழே போகப் போக எல்லாம் பூச்சி போலாயின. நான் விடவில்லை. மேல் என்றேன், இடப்பக்கம் என்றேன்.

அவள் குச்சியை இறக்கினாள். “அம்மா, நீங்க குத்துமதிப்பில சொல்லுறீங்க. தெரியாட்டித் தெரியாதெண்டு சொல்லுங்க. பிழையாச் சொன்னா பிழையான கண்ணாடிதான் வரும்.”

“தெரியல்ல மகள்” என்றேன்.

“அவ்வளவுதானே? இதுக்கேன் கண் கலங்குறீங்க?” என்று துடைக்கப் பஞ்சு தந்தாள்.

அந்த ஒழுங்கையில் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களில் இன்னும் ஐந்தாறு பேர் இருக்கிறீர்கள். ஏறாவூர்ப் பாய்க்காரி தோடு எடுத்தாள் என்று உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்திருப்பீர்கள். அவர் எடுக்கவில்லை. நான் வெற்றிலையில் ஒன்றும் காணவில்லை. அடுத்த செத்தவீட்டில் யாராவது என் கையைப் பிடித்துக் கதை தொடங்கினால், இதைச் சொல்லுங்கள். அது என் செத்தவீடாக இருந்தாலும் சொல்லுங்கள்.

ராத்தாவின் பேரையும் சேர்த்து எழுத வேண்டும் என்றுதான் இந்தக் கடைசித் தாளை எடுத்தேன். எனக்கு அவர் பேர் தெரியாது. எங்கள் வீட்டில் அத்தனை நாள் தண்ணீர் குடித்தவரிடம், பேரென்ன என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை.